வதைபட்டால்தான் வண்ணம் வருமா?

ஓவியர்களைப் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. நல்ல ஓவியன் என்றால் வறுமையில் உழன்றிருக்க வேண்டும். வீட்டோடு ஒத்துப்போகாதவனாக இருக்க வேண்டும். குடியோ பித்தோ ஏதாவது ஒன்று அவனைத் தின்றுகொண்டிருக்க வேண்டும். செத்த பிறகுதான் அவனுடைய அருமை ஊருக்குத் தெரிய வேண்டும். வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மாதம் பிறந்தால் வாடகை கொடுத்து, சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்புகிற ஓவியனைக் கண்டால் நம்மவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. சினிமா இதைச் சொல்கிறது, சிறுகதை சொல்கிறது, அஞ்சலிக் கட்டுரை சொல்கிறது. கலைக் கல்லூரியில் கால் வைத்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இதை வேதவாக்காக நம்புகிறார்கள்.

பெங்களூரின் ஜீவனஹள்ளியில் ஒரு வாடகை மாடியில் படம் வரைந்து பிழைக்கிறவன் நான். என்னிடம் வந்துபோகும் மாணவர்களில் ஒரு பையன் அண்மையில் இதை முகத்துக்கு நேராகவே சொன்னான்: "அண்ணா, நீங்க ரொம்ப நிம்மதியா இருக்கீங்க. அதனாலதான் உங்க படத்துல வலி இல்ல." அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல் கோபம் உண்டு. துன்பம்தான் கலைக்குத் தாய், அன்றாடத்தின் சின்னச் சந்தோஷங்கள் கலைக்குப் பகை என்ற இந்த வாதம் பொய். அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படும் ஓவியர்களின் வாழ்க்கையே அதைப் பொய்யாக்குகிறது. அது யாருக்கு லாபம் தருகிறது என்று பார்த்தால், பொய் என்பதோடு கெடுதலானது என்பதும் தெரியவரும்.

இந்த வழக்கில் முதல் சாட்சி எப்போதும் வின்சென்ட் வான்கோ. காதை அறுத்துக்கொண்டவர், பித்துப் பிடித்தவர், 37 வயதில் தன்னையே சுட்டுக்கொண்டவர். ஆகவே அந்த மஞ்சளும் நீலமும் பித்திலிருந்து பிறந்தவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் வேலை செய்த தேதிகளைக் கொஞ்சம் பார்ப்போம். சூரியகாந்திப் படங்களை அவர் வரைந்தது 1888 ஆகஸ்டில். தென்பிரான்சின் ஆர்ல் ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வரப்போகிற நண்பர் கோகானுக்காக ஓர் அறையை அலங்கரிக்கும் உற்சாகத்தில் வரைந்த படங்கள் அவை. தன் படுக்கையறையை அக்டோபரில் வரைந்தார்: கட்டில், நாற்காலி, சுவரில் மாட்டிய துண்டு. சொந்தமாக ஓர் அறை கிடைத்த மனிதனின் மகிழ்ச்சி அந்தப் படத்தில் நிறைந்திருக்கிறது. காதை அறுத்துக்கொண்டது அதற்கெல்லாம் பிறகு, டிசம்பரில். 1889 மே மாதம் அவராகவே செயின்ட் ரெமி மருத்துவமனையில் சேர்ந்தார். 'விண்மீன் இரவு' வரையப்பட்டது ஜூன் மாதத்தில், மனம் ஓரளவு தெளிந்திருந்த நாட்களில். ஜூலையில் நோய் திரும்பவும் தாக்கியபோது வாரக்கணக்கில் தூரிகையைத் தொட முடியாமல் கிடந்தார். தெளிந்தபோது வரைந்தார், தாக்கியபோது நின்றுபோனார். நோய்தான் வரைந்தது என்று சொல்கிறவர்கள் இந்த வரிசைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

வான்கோ எழுதிய கடிதங்களில் 800க்கு மேல் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. அவற்றில் வேதனை உண்டு, மறுக்கவில்லை. அதைவிட அதிகமாக அன்றாடம் உண்டு. எந்த நிறத்தில் எத்தனை டியூப் அனுப்ப வேண்டும், கேன்வாஸ் துணி எத்தனை மீட்டர், எந்தக் கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது, எந்தப் பழத்தோட்டம் பூத்துவிட்டது, காற்று அடங்கியதா இல்லையா என்ற செய்திகள் பக்கம் பக்கமாக வருகின்றன. தியோ மாதாமாதம் பணம் அனுப்பிவந்தார். அந்தப் பணம் நின்றிருந்தால் 10 ஆண்டுகளில் 850க்கு மேற்பட்ட எண்ணெய் ஓவியங்கள் உண்டாகியிருக்காது. வான்கோ இறந்த ஆறு மாதத்தில் தியோவும் இறந்தார். கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி யோஹன்னா அந்தப் படங்களைக் காப்பாற்றி, கண்காட்சிகளுக்கு அனுப்பி, 1914இல் கடிதங்களைப் பதிப்பித்தார். அந்த ஓவியரைத் தாங்கியது ஒரு தம்பியின் சம்பளமும் அந்தத் தம்பி மனைவியின் பல்லாண்டு உழைப்பும். பித்துப் பிடித்த மேதை என்ற சித்திரத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததில் 1934இல் வந்த ஒரு நாவலுக்கும் 1956இல் அதை வைத்து எடுத்த ஹாலிவுட் படத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கடிதங்களைப் படித்தவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

தமிழில் இந்த இடத்தில் கே. ராமானுஜத்தின் பெயரைச் சொல்வார்கள். சென்னையின் அந்தத் தனிமை மிக்க கலைஞர், கனவு நகரங்களையும் விசித்திர மிருகங்களையும் கோட்டோவியங்களாக நெய்தவர், 1973இல் முப்பதைத் தாண்டிய வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் பெயரை எடுத்தவுடனே துயரத்தைப் பேசத் தொடங்குகிறோம். ஆனால் அவருடைய படங்களுக்குள் நுழைந்து பாருங்கள். தொப்பியும் கோட்டும் அணிந்த கனவானாக அவரே உலா வருகிறார். மாளிகைகள், தேர்கள், பறவைகள், பெண்கள் சூழ்ந்த ஒரு கொண்டாட்டம் அங்கே நடக்கிறது. வாழ்க்கை மறுத்த சந்தோஷங்களைத் தாளில் ஒன்றுவிடாமல் கட்டி எழுப்பிய மனிதர் அவர். துயரம் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது இன்னும் வரையப்பட்டிருக்க வேண்டிய ஓர் ஆயுள் முழுவதின் படங்களை. ஒருவருடைய மரணத்தை அவருடைய கலைக்குச் சான்றிதழாக ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் இருந்திருந்தால் இன்று எண்பதைத் தாண்டிய முதியவராக இருந்திருப்பார். அந்த முதுமையின் படங்கள் நமக்கு இல்லை.

ராமானுஜம் இருந்த இடத்தின் கதை இந்த விவாதத்துக்கு இன்னும் பொருத்தமானது. சென்னை அரசு கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். படம் விற்று வாழ முடியாத காலம். பட்டினி கிடந்தால் படைப்பு ஊறும் என்று அவர்கள் நம்பியிருந்தால் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மெழுகு ஓட்டிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகள் செய்தார்கள், கைவினைப் பொருட்கள் செய்தார்கள், விற்றார்கள். வந்த காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். கைவினைக்குக் கொஞ்ச நேரம், மீதி நேரம் ஓவியத்துக்கு என்று நாளைப் பிரித்துக்கொண்டார்கள். தென்னிந்திய நவீன ஓவியத்தின் பெரிய அத்தியாயம் ஒன்று அடுப்பெரிய வேண்டும் என்ற தெளிவான கணக்கிலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது.

அந்தத் தலைமுறையின் மற்றவர்களும் கணக்கில்லாமல் வாழவில்லை. கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். காந்தியைக் கோடுகளாலேயே நமக்குத் திரும்பத் தந்ததும், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்குப் படம் போட்டதும், பிறகு வண்ணமே உலகமென்று பெரிய கேன்வாஸ்களில் இறங்கியதும் அந்தக் கைதான். அவருக்கு முந்திய தலைமுறையில், கோவில்பட்டியில் இருந்துகொண்டு சீடர்களோடு நாடகத் திரைச்சீலையும் புகைப்பட வண்ணமும் காலண்டர் தெய்வங்களும் வரைந்த சி. கொண்டையராஜு, தமிழ் வீடுகளின் பூஜையறைகளை நிறைத்தார். ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களைத் தீட்டிய சில்பி ஒரு பத்திரிகை ஓவியர். கெடு தேதிக்குள் வேலையை முடித்துக் கொடுத்த மனிதர்கள் இவர்கள். கெடு தேதி இவர்களுடைய கோட்டைக் கெடுத்தது என்று யாராவது ஒரு படத்தைக் காட்டிச் சொல்லட்டும்.

நான் வசிக்கும் நகரத்துக்கு வருகிறேன். பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் உள்ள அரசு ஓவியக்கூடத்துக்குப் பெயர் கொடுத்தவர் கே. வெங்கடப்பா. அவனீந்திரநாத் தாகூரிடம் கல்கத்தாவில் பயின்றவர், மைசூர் அரண்மனைக்கு வேலை செய்தவர், திருமணம் செய்துகொள்ளாமல் கடும் ஒழுங்கோடு வாழ்ந்தவர். துறவி என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்தத் துறவி நாட்குறிப்பு எழுதினார், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் மலையில் மேகம் இறங்குவதை நீர்வண்ணத்தில் பிடித்தார், வீணை சேஷண்ணாவிடம் சீடராகச் சேர்ந்து வீணை கற்றார். வீணை மோகம் தன் ஓவியத்தை விழுங்கிவிடுமோ என்ற தவிப்பையும் ஒரு படமாக்கினார். 'வீணெய ஹுச்சு', வீணைப் பித்து, என்று அதற்குப் பெயர். தன் சந்தோஷத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட ஒருவரைத் துன்பத்தின் கலைஞர் என்று எப்படிச் சொல்வது? மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1940இல் மறைந்தபின் அரண்மனை வேலை நின்றுபோனது. அப்போது வெங்கடப்பா 'கலைஞனுக்குப் பணம் எதற்கு' என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை, நீதிமன்றம் போனார். உழைப்புக்கு உரியதைக் கேட்பது கலைஞனின் கௌரவத்தில் அடங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ருமாலே சென்னபசவையா இன்னொருவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர், 'தாயிநாடு' பத்திரிகையின் ஆசிரியர், சட்டமன்ற அரசியலிலும் இருந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு அறுபதுகளில் முழுதாக ஓவியத்துக்கு வந்து எதை வரைந்தார்? பெங்களூரின் பூத்த மரங்களை. தெருவோரத்தில் நின்றுகொண்டு குல்மொஹரின் சிவப்பையும் ஜக்கரண்டாவின் ஊதாவையும் அள்ளி அள்ளி வைத்தார். இந்த நகரத்தில் ஆண்டு முழுவதும் ஒரு மரம் முடிந்தால் இன்னொன்று பூக்கும்படி நட வேண்டும் என்று திட்டமிட்டவர் 1908இல் இங்கே வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் க்ரூம்பிகல். ஒருவர் நட்டார், ஒருவர் வரைந்தார், நாங்கள் கீழே நடக்கிறோம். சிறை பார்த்த மனிதரிடம் சொல்வதற்குத் துன்பக் கதை இல்லாமலா இருந்திருக்கும்? அவர் பூவை வரைந்தார். அதை ஆழமில்லாத வேலை என்று சொல்கிற துணிச்சல் யாருக்கு உண்டு?

யூசுப் அரக்கல் கேரளத்தின் சாவக்காட்டிலிருந்து சிறு வயதில் பெங்களூருக்கு ஓடிவந்தவர். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்துகொண்டே சித்ரகலா பரிஷத்தில் படித்தார். தெருவோரத்து ஏழைகளை, முகத்தில் பாதி நிழல் விழுந்த மனிதர்களை வாழ்நாள் முழுக்க வரைந்தார். அவருடைய படங்களில் வலி இருக்கிறது. அந்த வலியை வரைவதற்கான தாளும் வண்ணமும் தொழிற்சாலைச் சம்பளத்தில் வந்தன. வலியைப் பார்க்கத் தெரிவது ஒரு திறன். அதைப் படமாக்க நிற்கும் காலும் நடுங்காத கையும் வேண்டும்.

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும், அது நியாயமானதும்கூட. 'மாபெரும் துயர ஓவியங்கள் இருக்கின்றனவே, அவற்றைச் சுகவாசிகளா செய்தார்கள்?' செய்தவர்களையே பார்ப்போம். 1943 வங்கப் பஞ்சத்தைத் தூரிகையில் பிடித்தவர் சித்தப்ரசாத். அவர் ஊர் ஊராக நடந்து, பசியால் விழுந்துகிடந்தவர்களின் அருகில் நின்று, பெயரும் ஊரும் கேட்டுக் குறித்துக்கொண்டு வரைந்தவர். அந்தப் படங்கள் புத்தகமாக வந்தபோது பிரிட்டிஷ் அரசு அதைப் பறித்து எரித்தது. ஜெர்மனியின் கேத்தே கொல்விட்ஸ் 1914 போரில் மகனைப் பறிகொடுத்தார். அவனுக்காக அவர் செய்யத் தொடங்கிய நினைவுச் சிற்பம், மண்டியிட்ட தாயும் தந்தையும், 1932இல்தான் பெல்ஜியத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது. செய்வதும் கைவிடுவதும் திரும்பத் தொடங்குவதுமாக 18 ஆண்டுகள். அத்தனை காலமும் அவர் மருத்துவரான கணவரோடு பெர்லினில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் ஒழுங்காகக் குடித்தனம் நடத்தினார். இடி விழுந்த கணத்தில் எதுவும் உருவாகிவிடவில்லை. சமையலும் உறக்கமும் வேலை மேசையும் உள்ள ஓர் அன்றாடம்தான் அந்தத் துயரைப் பதினெட்டு ஆண்டுகள் ஏந்திக்கொண்டிருந்தது.

சரி, ஓவியனின் அந்த அன்றாடத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஜீவனஹள்ளியை வைத்தே சொல்கிறேன். காக்ஸ் டவுனையும் மாருதி சேவா நகரையும் ஒட்டி, பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் நெருக்கமான பேட்டை இது. 1809இல் வெள்ளைக்காரப் படைக்குத் தண்டு போட்ட காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள். ஒரே தெருவில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நாலும் கேட்கும். ஓவியக்கூடங்கள் வேறு பக்கம் இருக்கின்றன. இங்கே கண்ணுக்கு வேலை இருக்கிறது.

காலையில் முதல் சந்தோஷம் வெளிச்சம். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் ஊர் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிய வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் நிழலின் விளிம்பு கரைந்துபோகும். முகம் வரைவதற்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. அதே ஈரத்தில் எண்ணெய் வண்ணம் காய மறுக்கும். பர்ன்ட் அம்பர் சீக்கிரம் காய்ந்துவிடும், அலிசரின் சிவப்பு நாட்கணக்கில் பிசுபிசுக்கும். எதை எப்போது வைப்பது என்று வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வானத்தைப் பார்ப்பது என் வேலையில் சேர்த்தி.

அடுத்தது கலவை. கடையில் வாங்கும் கறுப்பு செத்த கறுப்பு. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் சேர்த்தால் மூச்சுவிடும் ஒரு கறுப்பு வரும். நீலம் ஒரு துளி கூடினால் இரவு, அம்பர் ஒரு துளி கூடினால் அடுக்களைச் சுவர். பேலட் கத்தியால் அதைக் குழைக்கும்போது கிடைக்கும் இன்பத்தை நான் எதற்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன். கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, பிரைமர் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது, லின்சீட் எண்ணெயின் மணம், வேலை முடிந்தபின் பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசிச் சோப்புப் போட்டு விரல் நுனியால் அதன் முடியைக் கூராக்கி வைப்பது. இவை சின்னவை. ஒரு படம் இந்தச் சின்னவற்றால்தான் ஆகிறது. இவற்றை வெறுக்கிறவன் நெடுநாள் வரைய மாட்டான்.

பதினோரு மணிக்கு இறங்கிப் போய் நண்பரோடு பை-டூ காபி. ஒரு காபியை இரண்டாகப் பங்கு வைக்கிற இந்த ஊர் வழக்கத்தில் பாதிக் காபிக்கு முழு அரட்டை கிடைக்கும். சாயங்காலம் காக்ஸ் டவுன் மார்க்கெட். அங்கே தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அடியில் இருக்கும் தக்காளியின் மேல் பக்கம் ஊதாவாகத் தெரியும். கத்தரிக்காயின் பளபளப்பில் ஒரு துண்டு வானம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் காய்க்காரம்மா, "என்ன தம்பி, வாங்குறியா, வேடிக்கை பாக்குறியா?" என்று கேட்பார். இரண்டும்தான். என் படங்களில் வரும் ஊதா நிழல்களை எந்தப் புத்தகமும் கற்றுத்தரவில்லை, அந்தத் தார்ப்பாய் கற்றுத்தந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி சிவாஜிநகர் மாதா கோயில் தேருக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் காவிச் சேலை கட்டிப் புறப்படும்போது ஒரு தெருவே ஒரு நிறமாகும். கோடைக்கு முன்னால் டபேபுயா பூத்துக் கொட்டி நடைபாதை இளஞ்சிவப்பாகும். ஃப்ரேசர் டவுன் பேக்கரியில் தில்பசந்த் ஒரு துண்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சாலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்தபடி நடந்து வரும் நேரம் எனக்கு ஓய்வு நேரம். கண்ணுக்கு அது பள்ளி நேரம்.

வரைந்து கொடுப்பதிலும் சந்தோஷம் உண்டு. பழைய புகைப்படத்தைப் பார்த்துத் தாத்தா படம் வரையச் சொல்லி வருவார்கள். கலை விமரிசகர்கள் திரும்பிப் பார்க்காத வேலை. ஒருமுறை, காலமான கணவரின் படத்தை வாங்க வந்த ஒரு பாட்டி வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "மூக்கு அவரோடதேதான்பா, கோவம் வந்தா இப்படித்தான் விரியும்" என்றார். புகைப்படத்தில் அந்தக் கோபம் இல்லை. முகத்தின் எலும்பைப் புரிந்துகொண்டு வரைந்ததில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைவிடப் பெரிய விமரிசனம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

இந்தச் சந்தோஷங்கள் வேலை முடிந்தபின் கிடைக்கும் கூலி என்று எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது. இவை வேலைக்கு உள்ளேயே இருக்கின்றன. பார்ப்பதுதான் ஓவியனின் தொழில். பசியோடும் பயத்தோடும் இருக்கும் கண் எதையும் நின்று பார்க்காது. அடுத்த வேளையைத் தேடி ஓடும். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, 2021இல் கொரோனாவுக்கு இளம் வயதிலேயே பலியான ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களைத் தமிழர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஓட்டு வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் கறுத்த பெண்கள், அடுக்களைக்குள் விழும் ஒரு கீற்று வெயில், சேலை முந்தானையின் மடிப்பு. அவர் எதைக் கண்டுபிடித்தார்? நம் வீட்டில் தினமும் நடப்பதை. அவ்வளவு பேர் அந்தப் படங்களின் முன் நின்று தங்கள் அம்மாவையும் அக்காவையும் கண்டார்கள் என்றால், அன்றாடம் மேலோட்டமானது என்ற பேச்சுக்கு அங்கேயே முடிவு கட்டியாகிவிட்டது.

இன்னோர் ஆட்சேபமும் உண்டு: 'இந்த நிம்மதியெல்லாம் வசதி உள்ளவனுக்குத்தானே? அன்றாடங்காய்ச்சி ஓவியனுக்கு ஏது பேக்கரியும் மார்க்கெட்டும்?' இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இதுவும் என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. பெயர்ப்பலகையும் சினிமா பேனரும் எழுதிய கைகளை ஃப்ளெக்ஸ் வந்து ஒரே வீச்சில் தெருவில் நிறுத்தியது. அப்படி வேலை போன பேனர் ஓவியர்களைக் கொண்டுதான் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு மாநகராட்சி நகரத்துச் சுவர்களில் ஹம்பியையும் யானைகளையும் யக்ஷகானத்தையும் வரையவைத்தது. அந்தச் சுவர் ஓவியங்களைத் தந்தது எது? வேலையில்லாத காலம் ஒரு சுவரையும் தரவில்லை. கூலி கிடைத்த காலம் தந்தது. வறுமை கலைஞனை வளர்க்கும் என்பது உண்மையானால், ஃப்ளெக்ஸ் வந்தபின் அந்தக் கைகளிலிருந்து காவியங்கள் பிறந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். நாம் அந்தக் கைகளை இழந்தோம்.

இனி, இந்தப் பொய்யால் பிழைப்பவர்களைப் பற்றி. ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவருக்கு அளவெடுத்து, வரைபடம் போட்டு, விலை சொன்னேன். "உங்களுக்கு இது பெரிய விளம்பரம் சார், ஆர்ட்டிஸ்டுக்கு ஆத்ம திருப்திதானே முக்கியம்" என்று பதில் வந்தது. அதே சுவருக்கு முந்தின வாரம் பிளம்பர் வந்து குழாய் மாற்றியிருந்தார். அவருடைய ஆத்ம திருப்தியைப் பற்றி யாரும் பேசவில்லை, கூலியைக் கொடுத்து அனுப்பினார்கள். கஷ்டப்படுவதுதான் கலைஞனின் லட்சணம் என்று ஒரு சமூகம் நம்பிவிட்டால், அவனுக்குக் கொடுக்காமல் இருப்பது குற்றமாகத் தெரியாது. கலைக்குச் செய்யும் உதவியாகக்கூடத் தெரியும். பத்திரிகை படத்துக்குப் பணம் தராது. பதிப்பகம் அட்டைப் படத்துக்குப் பெயர் போடாது. விழாக் குழு 'நினைவுப் பரிசு' என்று ஒரு சால்வையோடு அனுப்பிவைக்கும். அவன் நோயில் விழுந்தால் அனுதாபக் கூட்டம், செத்தால் சிறப்பிதழ். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அந்த ஒரே பொய்யில் கோத்திருக்கிறது.

பொய்யின் விலையை அதிகம் கொடுப்பவர்கள் பெண்கள். குழந்தைக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் வரைகிற பெண்ணை நம் கலைக் கதைகள் ஓவியராகவே எண்ணுவதில்லை. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிறவன்தான் கலைஞன் என்ற இலக்கணத்தில் அவருக்கு இடம் கிடையாது. அந்த இலக்கணம் ஒழிந்தால்தான் பாதி மனித குலத்தின் ஓவியங்கள் நம் கண்ணுக்கு வரும். அடுத்த பலி இளைஞர்கள். பித்தும் குடியும் மேதைமையின் அடையாளம் என்று நம்பி, மருத்துவரிடம் போக வேண்டிய மனச்சோர்வைப் பதக்கமாக நெஞ்சில் குத்திக்கொள்ளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவை மருந்தும் நல்ல சாப்பாடும் கூடவே நாலு நண்பர்களும். கைதட்டல் அவர்களைக் கொன்றுவிடும்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு இந்த ஊரிலேயே சான்றும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா சாலையை மூடிவிட்டுச் சித்ரகலா பரிஷத் சித்ர சந்தை நடத்துகிறது. சாலை முழுக்க ஓவியர்கள் தரையிலும் சுவரோரமும் படங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள், பேரம் பேசுவார்கள், வரவேற்பறைக்கு ஒரு படம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஓவியர்கள் ஒருவர் டப்பாவிலிருந்து இன்னொருவர் புளியோதரை எடுத்துச் சாப்பிடுவார்கள். ஓவியனும் ஊரும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளும் அந்த ஒரு நாள் ஆண்டு முழுவதுக்கும் பரவினால் கலை கெட்டுப்போகாது. ஓவியம் விற்றுக் குடும்பம் நடத்தும் வீடுகள் கூடும்.

ஆகவே நான் கேட்பது இவை. படம் கேட்பவர்கள் விலை கேளுங்கள், பாதியை முன்பணமாகக் கொடுங்கள், மீதியைச் சொன்ன தேதியில் கொடுங்கள். அட்டைப் படம் போட்டவர் பெயரை அச்சிடுங்கள். ஓவியரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் எப்படிச் செத்தார் என்பதை விட்டு எப்படி வேலை செய்தார் என்று எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த பிரஷ்ஷைப் பிடித்தார், யார் சோறு போட்டார்கள். ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு விலை சொல்லவும் கணக்கு எழுதவும் கற்றுக்கொடுங்கள்.

என் படத்தில் வலி இல்லை என்று சொன்ன அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. வலி உன்னைத் தேடி வரும், யாரையும் அது விட்டுவைத்ததில்லை. நீ அதைத் தேடிப் போக வேண்டாம். அது வரும்போது உன் கை பழகியிருக்க வேண்டும், உன் கண் கூர்மையாக இருக்க வேண்டும், கதவைத் தட்டினால் திறக்க ஒரு நண்பர் இருக்க வேண்டும். அதற்காக இன்றைக்கு நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நாளைக்குக் காலை வெளிச்சம் வந்ததும் வரைய உட்கார். நிம்மதியாக இருப்பதற்காக யாரிடமும் வெட்கப்படாதே. அந்த நிம்மதியைச் சம்பாதிப்பதும் உன் தொழிலின் பகுதி.